மூன்று அட்டைகளும் தமயந்தியின் முதுகும்

நெய்க்காரத் தெருவில் தமயந்தியின் முதுகில் வெளிச்சம் ஒழுகத் தொடங்கிய கதையை இப்போது ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், பாத்திரக்கடை மீனலோசனி அம்மாள் அது தன் வீட்டுக்கு வந்த யோகம் என்கிறாள், வைரம் சோதிக்கிற லேப்காரர்கள் அது தங்கள் தொழில் சுத்தத்துக்குச் சாட்சி என்கிறார்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் அம்பாளின் கருணை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அந்த முதுகுக்கு அளவெடுத்து ரவிக்கை தைத்தவள் நான், அந்த வெளிச்சம் எந்தத் தோளில் இறங்கி எந்த இடுப்பு மடிப்பில் தேங்கி நின்றது என்று தொட்டுப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆகையால் நடந்ததை நானே சொல்கிறேன்.

திருச்சி மலைக்கோட்டையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழுகிற தெரு எங்களுடையது. என் தையல் மிஷினுக்கு நேர் எதிரே மீனலோசனி அம்மாளின் பாத்திரக்கடை, கடைக்கு மேலே வீடு. அந்த வீட்டுப் பிள்ளை விசாகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் தமயந்தி. துறையூர் ரேஷன் கடையில் ஆயுசு முழுக்க எடை போட்ட ஏகாம்பரத்தின் ஒரே மகள், தாயில்லாப் பெண், கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவள், ஒரு கண்ணை மூடச் சொல்லி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, முன்னே போட்டது தெளிவா இப்போது போட்டது தெளிவா என்று பொறுமையாகக் கேட்கிறவள். அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று கல்யாணம் பேசும்போதே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டு மருமகள் வைரத்தோடு போடாமல் வரக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

ஏகாம்பரம் ஒற்றைக்கல் வைரத்தோடு ஒரு ஜோடி வாங்கிப் போட்டார். கூடவே கடைக்காரர் ஒரு சிவப்பு அட்டையும் கொடுத்தார். ஒரு லேப் அந்தக் கற்களைச் சோதித்து, எவ்வளவு நேர்த்தியாகப் பட்டை தீட்டியிருக்கிறது என்பதற்கு எக்சலண்ட் என்று அச்சடித்துக் கொடுத்த அட்டை.

எங்கள் பக்கத்தில் வைரத்தை வாங்கின கையோடு காதில் மாட்டிக்கொள்கிற வழக்கம் கிடையாது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லாவிட்டால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்று பயம். அதனால் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்போம், பால் பொங்கி அடுப்பை அணைக்கிறதா, யாராவது படியில் தடுக்கி விழுகிறார்களா, கெட்ட சொப்பனம் வருகிறதா என்று பார்த்து, ஏதாவது ஒன்று என்றாலும் கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம், கடைக்காரரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார், ஒத்துக்கலையாம்மா என்று மட்டும் கேட்பார், அதற்கு மேல் காரணம் கேட்பது மரியாதை இல்லை. அப்படித்தான் மீனலோசனி அம்மாளும் அந்தத் தோட்டைப் பூஜை அறையில் வைத்துப் பார்த்தாள். ஒரு குறையும் நடக்கவில்லை. கல் அந்த வீட்டுக்கு ஒத்துக்கொண்டது. அந்த வீடு அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று யார் வைத்துப் பார்த்தார்கள்? அதற்கு எங்களிடம் வழக்கம் இல்லை.

தோட்டைப் போட்டுக்கொண்டு தமயந்தி கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் மீனலோசனி அம்மாளின் ஓரகத்தி ஒரு கல்யாணத்தில் தன் மருமகளின் தோட்டைக் காட்டி, இது நீல அட்டை எக்சலண்ட் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். சிவப்பு அட்டை எக்சலண்டும் நீல அட்டை எக்சலண்டும் ஒன்று கிடையாது, சிவப்பு லேப்பில் கை தாராளம், நீல லேப்பில் கறார், சிவப்பில் எக்சலண்ட் என்றால் நீலத்தில் வெரி குட்டுக்கே தள்ளாடும் என்று அவள் விளக்கம் வேறு சொன்னாள். மீனலோசனி அம்மாள் அன்று பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிடவில்லை. மறுநாளே மருமகளையும் தோட்டையும் கூட்டிக்கொண்டு நீல லேப்புக்குப் போனாள், எனக்கு ரவிக்கைத் துணி வாங்க அதே பக்கம் வேலை இருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

நீல லேப்காரர் மெஷினில் கல்லை வைத்துப் பார்த்து, பக்குவமாகத்தான் சொன்னார்.

"கல்லுக்குள்ள போற வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுக்கே வரணும்மா. அதுதான் நல்ல பட்டை. இதுல அடிப்பக்கம் கொஞ்சம் ஆழம் ஜாஸ்தி. உள்ள போறதுல ஒரு பங்கு பின்னாடி ஒழுகிடுது. சிவப்பு லேப்ல இதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நாங்க எடுத்துக்குவோம்."

"அப்ப எங்களை ஏமாத்திட்டாங்களா?"

"ஏமாத்தலம்மா. அவங்க அளவுகோல் வேற, எங்க அளவுகோல் வேற. எங்க கணக்குல இது குட்" என்று நீல அட்டை ஒன்றை அச்சடித்து நீட்டினார்.

"குட்டா?" என்றாள் மீனலோசனி அம்மாள். "குட்டுன்னு நாயத்தான் தட்டிக்குடுப்பாங்க."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மருமகளிடம் சொன்னாள்: "போட்டுக்க. ஒழுகற கல்லைப் போட்டுக்கிட்டு நில்லு. உங்கப்பா எடை போட்ட லட்சணம் ஊருக்கே தெரியட்டும்."

தமயந்தி போட்டுக்கொண்டாள். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், அட்டையில் எழுதியிருந்தபடியே, கல்லின் பின்பக்கம் ஒழுகின வெளிச்சம் அவள் காதின் பின்னால் இறங்கி, பிடரியில் வழிந்து, முதுகெலும்பின் பள்ளத்தில் ஓடையாக ஓடி, ரவிக்கையை நனைத்து, சேலைக் கொசுவத்தின் வழியாகத் தரையில் சொட்டியது. அவள் சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு நடந்தால் நடந்த இடமெல்லாம் பாலைச் சிந்தின மாதிரி வெளிச்சம் கிடந்தது. மீனலோசனி அம்மாள் முதலில் செய்த காரியம், அதைத் துடைக்கச் சொன்னதுதான். துடைத்தால் துணியும் வெளிச்சமானது, அந்தத் துணியைக் கொடியில் காயப்போட்டதில் எங்கள் வீட்டுச் சேவல் ஏமாந்து கூவியது.

இரண்டாவதாக என்னிடம் வந்தாள். கழுத்தை மூடி, கறுப்பு லைனிங் கொடுத்து, முதுகில் ஒரு பொட்டு தெரியாமல் ரவிக்கை தைக்கச் சொன்னாள். தைத்தேன். தையல் ஓட்டையில் எல்லாம் வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

"வலிக்குதாடி?" என்று தமயந்தியிடம் கேட்டேன்.

"இல்ல வச்சலாக்கா. வெதுவெதுன்னு இருக்கு. வெளிய போறது கொஞ்சம்தான், நெறைய உள்ளயே தங்கிடுது" என்றாள். அப்போது நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தெரு சீக்கிரமே பழகிவிட்டது. எங்கள் தெருவுக்குப் பழகுவதில் ஈடு இணை கிடையாது, சாக்கடைக்குப் பழகியிருக்கிறோம், ஸ்பீக்கருக்குப் பழகியிருக்கிறோம், ஒரு பெண்ணின் முதுகுக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? மின்வாரியத்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்தான், திருட்டு ஒயர் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனான். பூக்காரி மொட்டு மல்லிகையைக் கொண்டுவந்து அவள் முதுகோரம் வைத்து நேரத்துக்கு முன்னால் மலர வைத்துக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்க வேண்டியவர்கள் முறத்தோடு வந்து அவளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள், ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள், அவளிடம் மட்டும் பேசவில்லை, பேச வேண்டுமானால் அவள் திரும்ப வேண்டும், திரும்பினால் வெளிச்சம் போய்விடும்.

கோயிலில் தேரோட்டத்தன்று ஜெனரேட்டர் மக்கர் செய்தபோது கமிட்டிக்காரர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெளிச்சம் முதுகில் இருப்பதால், சாமி முகம் தெரிய வேண்டுமானால் அவள் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னே நடக்க வேண்டும், சாமிக்கு ஒரு பொம்பிளை முதுகைக் காட்டலாமா என்று வீதியில் தேரை நிறுத்திவிட்டு வாதாடினார்கள். கடைசியில் சாமிக்குத் திரை போட்டுவிட்டு அவளை முன்னே நடக்கவிட்டார்கள். ஊர் முழுக்கத் திரையைக் கும்பிட்டது.

இதெல்லாம் போகட்டும், என் வயிறு எரிவது கடையில் நடந்ததற்காக. அந்தப் பாத்திரக்கடை நீளமான குகை, பகலிலேயே இருட்டு. ஒரு நாள் கரண்ட் போனபோது மீனலோசனி அம்மாள் மருமகளைக் கூப்பிட்டுக் கடையின் கோடியில் சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார வைத்தாள், வெண்கலமும் பித்தளையும் எவர்சில்வரும் தகதகவென்று கண்ணைப் பறித்தன, வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் கரண்ட் இருந்தாலும் அவள் இடம் அதுதான் என்று ஆகிவிட்டது. என்னிடம் வந்து, கறுப்பு லைனிங் எல்லாம் பிரித்துவிட்டு முதுகை நன்றாக இறக்கி வெட்டித் தைக்கச் சொன்னாள் அந்த அம்மாள். மூடி வைக்கச் சொன்ன அதே வாய். நான் முடியாது என்றேன். அவள் அடுத்த தெருவில் தைத்துக்கொண்டாள்.

விசாகன் நல்லவன் என்று தெருவில் சொல்வார்கள். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டான். ராத்திரி பெண்டாட்டியைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டு அவள் முதுகு வெளிச்சத்தில் செய்தித்தாள் படிப்பான். அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டிருந்தால் கல்யாண ஆல்பத்தைத்தான் எடுத்துப் பார்த்திருப்பான். இப்படி ஒரு நல்லவன்.

இத்தனையிலும் அந்த நீல அட்டை மறக்கப்படவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒழுகுகிற வெளிச்சத்தில் கல்லாவை எண்ணிக்கொண்டே, ஒழுகுகிற கல்லைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் சம்பந்தி என்று வாய் ஓயாமல் திட்டினாள் மீனலோசனி அம்மாள். நீல அட்டை எக்சலண்ட்டோடு வேறு தோடு வர வேண்டும், இல்லாவிட்டால் பெண் துறையூருக்குப் போக வேண்டும் என்று ஏகாம்பரத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த மனுஷன் வெயிலில் பஸ் ஏறி வருவார், வாசலிலேயே நிற்பார்.

"சிவப்பு அட்டையில எக்சலண்டுன்னுதானே சம்பந்தியம்மா போட்டிருக்கு. நான் படிச்சுப் பாத்துட்டுத்தானே வாங்கினேன்" என்பார்.

"எந்த லேப்பு எக்சலண்டு? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பாள் அவள்.

எந்த லேப்பு எக்சலண்ட்டு என்பது தெருவில் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. சாம்பார் நன்றாக இருக்கிறது என்றால் எந்த லேப்பில் என்று கேட்டார்கள், மாப்பிள்ளை நல்ல பையன் என்றால் சிவப்பிலா நீலத்திலா என்று கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாங்கின மார்க்கைக் கூட நீலத்துக்கு மாற்றிப் பார்த்துப் பெற்றவர்கள் வருத்தப்பட்டார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்தவர்களில் ஒருத்தர்கூட அந்தக் கடைக் கோடிக்குப் போய் ஸ்டூலில் இருப்பவளை எழுந்திருடி என்று சொல்லவில்லை.

செய்தி பரவி லேப்காரர்களுக்கே போய்ச் சேர்ந்தது. இத்தனை பிரகாசம் உள்ள கல்லுக்கு நாங்கள் கொடுத்த எக்சலண்ட்தான் சரி என்றார்கள் சிவப்பு லேப்காரர்கள். இத்தனை ஒழுகுகிற கல்லுக்கு நாங்கள் கொடுத்த குட்தான் சரி என்றார்கள் நீல லேப்காரர்கள். பொதுவில் தீர்த்துக்கொள்வோம் என்று வெளியூரிலிருந்து பச்சை அட்டை கொடுக்கிற மூன்றாவது லேப்பையும் வரவழைத்து, எங்கள் தெருக்கோடி கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். கறுப்புத் திரை கட்டி, ஜன்னல்களை அடைத்து, விளக்குகளை எல்லாம் அணைத்து, மணமேடையில் தமயந்தியைச் சபைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். தெருவே போய் உட்கார்ந்தது. வாசலில் யாரோ சுண்டல் விற்றார்கள்.

கல்லைக் கழற்றிக் கொடுங்கள், அளந்துகொள்ளட்டும் என்றேன் நான். கழற்றினால் ஒழுகுகிற அளவு தெரியாது, கல்லும் பெண்ணும் இப்போது சேர்ந்துதான் கணக்கு என்றார் பச்சை லேப்காரர். அப்புறம் அளந்தார்கள். கழுத்தின் சாய்வை அளந்தார்கள், தோளுக்குத் தோள் சமமாக இருக்கிறதா என்று அளந்தார்கள், தோலின் வழவழப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் திரும்பு, கொஞ்சம் குனி, மூச்சை அடக்கு என்றார்கள். நான் ஆயுசு முழுக்கப் பெண்களை அளந்தவள், அளவு நாடா எங்கே படலாம் எங்கே படக் கூடாது என்று எனக்குத் தெரியும், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த விசாகன் தன் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், அவருக்கு நாற்காலி போடவில்லை.

அங்கேயே வைத்து மூன்று அட்டைகளையும் அச்சடித்தார்கள். சிவப்பு, எக்சலண்ட். நீலம், குட். பச்சை, வெரி குட். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், அவரவர் அளவுகோலில் அவரவர் சரிதான் என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். இதற்காகத்தான் அந்தப் பெண்ணை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

மீனலோசனி அம்மாள் எழுந்து மேடையேறி மூன்று அட்டைகளையும் வாங்கிக்கொண்டாள்.

"மூணுல எது கொறைச்சலோ அதுதான் செல்லும்" என்றாள். "குட்டு. சபையில வச்சே சொல்லிட்டாங்க. சம்பந்தி, வேற தோடு கொண்டாந்துட்டுப் பொண்ண இங்க விடுங்க. இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போங்க."

ஏகாம்பரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார். காலில் விழப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை.

"அப்பா, அங்கயே நில்லுங்க" என்றாள் தமயந்தி.

அவள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எழுந்தாள். சுவரைப் பார்த்தபடியே இரண்டு தோட்டின் திருகையும் கழற்றினாள். அவள் தோட்டைக் கழற்றிவிட்டால் வெளிச்சம் நின்றுவிடும் என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நினைத்தோம், மூன்று லேப்காரர்களும் நினைத்தார்கள், அட்டைகளில் ஒழுகுகிறது கல் என்றுதானே எழுதியிருந்தது. நிற்கவில்லை. அவள் திரும்பினாள்.

முகம், கழுத்து, நெற்றி, கை எல்லாம் வெளிச்சமாக இருந்தது. முதுகில் நாங்கள் பார்த்ததெல்லாம் நிரம்பி வழிந்த மிச்சம்தான். முதல் வரிசையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், விசாகன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான், அவளை அப்போதுதான் பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

"பின்னாடி ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்தீங்களே" என்றாள் லேப்காரர்களிடம். "ஒழுகினது எங்க போச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா? ஒரு சொட்டு வீணாகல. எல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

மாமியாரிடம் திரும்பினாள்.

"வைரம் வந்தா மூணு நாள் வச்சுப் பாப்பீங்கல்ல அத்தை? ஒத்துக்கலைன்னா திருப்பிக் குடுத்துருவீங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் உங்க வீட்ட ஒரு வருஷம் வச்சுப் பாத்துட்டேன். எனக்கு ஒத்துக்கல."

ஏன் என்று கேட்க மீனலோசனி அம்மாள் வாயைத் திறந்தாள், கேட்பது வழக்கம் இல்லை என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டாள். விசாகன்தான், "தமயந்தி, கொஞ்சம் உக்காரு, பேசிக்கலாம்" என்றான்.

"எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?" என்று கேட்டாள் அவள். அவன் மறுபடியும் கைநகத்தைப் பார்த்தான்.

மேடையை விட்டு இறங்கி நேராக அப்பாவிடம் போனாள். தோட்டை அவர் சட்டைப் பையில் போட்டு, பித்தானையும் போட்டுவிட்டாள். "இதக் கடையில குடுத்துருங்கப்பா. எனக்கு வேல இருக்கு, கண்ணாடிக் கடையில கேட்டுட்டேன், வரச் சொல்லிட்டாங்க" என்றாள். அவர் அழுதார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தாள். நான் எழுந்து அவள் பின்னால் போனேன், பூக்காரி எழுந்தாள், முறத்தோடு உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், ரோஷம் வந்து எழுந்தோமா வெளிச்சம் போகிறதே என்று எழுந்தோமா என்று என்னைக் கேட்காதீர்கள், தெருவில் இறங்கியதும் எங்கள் எல்லார் முகமும் எங்களுக்கே தெரிந்தது.

கறுப்புத் திரை கட்டின மண்டபத்துக்குள் லேப்காரர்களும் விசாகனும் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள், விளக்கை அணைத்த ஆள் சுண்டல் வாங்கப் போய் எங்களோடு வந்துவிட்டிருந்தான், சுவிட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மீனலோசனி அம்மாளின் கையில் மூன்று அட்டைகள் இருந்தன. எது சிவப்பு, எது நீலம், எது பச்சை என்று அவள் இருட்டில் ஒவ்வொருத்தரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தெருவரைக்கும் கேட்டது.